டெல்சியாவும் நானும் ஒரு சாய்கோடும்

தர்சிகா போன் எடுத்தபோது நான் முருங்கை இலை ஆய்ந்துகொண்டிருந்தேன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சக் காலம் முன்னர் எங்கள் கந்தோருக்கு வேலைக்கு வந்த பிள்ளை அவள். கந்தோரில் ஒரு மலர் வெளியிடப் போகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை எழுத வேண்டுமாம்.

"இங்கிலிஷிலை சொற்சுருக்கங்களும் முதலெழுத்துகளும் எப்பிடிப் பாவிக்கிறது எண்டு நீங்கள் எழுதித் தாங்கோ அக்கா. இப்ப வாற பிள்ளையள் மேலதிகாரிக்குப் போற கடிதத்திலையும் வட்சப்பிலை எழுதிற மாதிரித்தான் எழுதுதுகள்."

எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "ஓம் பிள்ளை, எழுதித் தாறன்" என்றேன்.

"டெல்சியா மிஸ்ஸைத்தான் முதல் கேட்டனாங்கள். உது நாகபூசணி அக்காதான் எழுதவேணும் எண்டு அவதான் சொன்னவ."

அந்தச் சந்தோசம் அவ்வளவோடு முடிந்தது. போனை வைத்துவிட்டு, ஆய்ந்த இலையையும் காம்பையும் ஒன்றாகச் சட்டியில் போட்டுவிட்டேன். முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆங்கிலக் கடிதம் தட்டச்சுச் செய்தவள், மொழிபெயர்த்தவள் நான். என்னைக் கேட்கச் சொல்லி டெல்சியா சிபாரிசு செய்ய வேண்டியிருக்கிறது. சரி, எழுதுகிறேன். ஆனால் சொற்சுருக்கத்தைப் பற்றி எழுதினால் டெல்சியாவைப் பற்றி எழுதாமல் இருக்க ஏலாது. அதை மலர்க்குழு பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் வேலணையில் பிறந்தவள். அப்பா புகையிலைத் தோட்டம் செய்தவர். படிப்பு முடிய, பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய் ரைப்பிங் பழகினேன். சோதனை எழுதினேன். தீவுப் பகுதி அரசாங்கக் கந்தோர் ஒன்றில் தட்டச்சாளராக வேலை கிடைத்தது. பிறகு இடம்பெயர்வு. கந்தோரும் எங்களோடு இடம்பெயர்ந்து, நகரத்தில் யாரோ விட்டுப்போன வீட்டின் அறைக்குள் கொஞ்சக் காலம் நடந்தது. அதற்குள் கலியாணம், பிள்ளைகள், மொழிபெயர்ப்பாளர் பதவி. இவற்றை விரித்து எழுத எனக்கு விருப்பமில்லை. எல்லோருக்கும் நடந்ததுதான் எனக்கும் நடந்தது.

விரித்து எழுத வேண்டியவர் பேரம்பலம் சேர். எங்கள் பிரதம லிகிதர், கந்தோர் எழுத்தர்களுக்கெல்லாம் தலைவர். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சேட்டின் கைகளை ஒருநாளும் மடிக்கமாட்டார். அவருக்கு என்று ஒரு முறை இருந்தது. தட்டச்சுச் செய்த கடிதத்தை அவருடைய மேசையில் வைத்துவிட்டு வந்தால், கொஞ்ச நேரத்தில் அது திரும்பி வரும். பிழை இருந்தால் கடிதம் முகம் குப்புறக் கிடக்கும். எங்கே பிழை என்று சொல்லமாட்டார், கோடு போடமாட்டார். நாங்களே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பிழை இல்லாவிட்டால் முகம் மேலே இருக்கும், கீழ் மூலையில் நீல மையில் அவருடைய இரண்டு முதலெழுத்துகள் இருக்கும். அவ்வளவுதான். நல்லது, வடிவு, கெட்டித்தனம் என்ற பேச்சே கிடையாது. அந்த இரண்டு எழுத்துக்காகவே நான் பதினைந்து இருபது வருடம் வேலை செய்தேன் என்று சொல்லலாம்.

என் கடிதங்கள் குப்புறக் கிடந்ததற்கு முக்கால்வாசி காரணம் புள்ளிகள். ஆங்கிலத்தில் சொல்லைச் சுருக்கினால் பின்னால் புள்ளி வைப்பார்கள் என்றுதான் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். சேரின் சட்டம் வேறு. சொல்லின் கடைசி எழுத்துச் சுருக்கத்திலும் கடைசியாக நின்றால் புள்ளி வேண்டாம். Mr, Mrs, Dr எல்லாம் அப்படி. கடைசி எழுத்து அறுந்துபோயிருந்தால் புள்ளி வேண்டும், Rev., Prof., Capt. இப்படி. பங்குச் சுவாமியாருக்குப் புள்ளி உண்டு, ஆஸ்பத்திரி டொக்டருக்கு இல்லை. "அறுந்த இடத்திலைதான் முடிச்சுப் போடுறது" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு நான் அதில் பிழை விட்டதில்லை.

இன்னொன்று, சுருக்கத்துக்கு முன்னால் வருகிற a, an. அங்கே கண்ணை நம்பக்கூடாது, காதை நம்ப வேண்டும். M.P. என்பதில் எம் என்பது எழுத்தில் மெய், ஆனால் வாயில் 'எ' என்று தொடங்குகிறது. ஆகவே an M.P. என்று வரும். U.K. என்பது எழுத்தில் உயிர், வாயில் 'யூ'. ஆகவே a U.K. passport. எழுதும்போது நான் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். பக்கத்து மேசைக்காரர் நான் செபம் சொல்கிறேன் என்று நினைத்தார்கள்.

விரிக்கத் தெரியாத எதையும் சுருக்கக்கூடாது என்பது சேரின் அடுத்த சட்டம். ஒருநாள் கடிதமொன்றில் viz. என்று அடித்திருந்தேன். என்னைக் கூப்பிட்டார்.

"உதென்ன, நாகபூசணி?"

"அதாவது எண்டு அர்த்தம், சேர்."

"அது தமிழ். நான் விரிச்சுச் சொல்லச் சொன்னனான்."

எனக்குத் தெரியவில்லை. கடிதத்தை அவர் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார். நான் நூலகத்துக்குப் போய் அகராதியைப் புரட்டி, அது லத்தீன் சொல் என்றும் 'விடெலிசெற்' என்றும் கண்டுபிடித்து வந்து சொன்ன பிறகுதான் லாச்சி திறந்தது.

எல்லாவற்றிலும் கஷ்டமானது எங்கள் ஆட்களின் முதலெழுத்து. தமிழில் 'ச.' என்று போட்டால் போதும். ஆங்கிலத்தில் அது S ஆகவும் இருக்கலாம், C ஆகவும் இருக்கலாம், தகப்பன் சவேரியார் பெயர்க்காரர் என்றால் X ஆகவும் இருக்கலாம். 'க.' என்பது K அல்லது G. 'த.' என்பது T அல்லது D. 'யோ.' என்பதை மூத்தவனுக்கு J என்றும் இளையவனுக்கு Y என்றும் போட்டு, வெளிநாட்டில் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இருவரும் உறவில்லாதவர்கள் ஆன கதை எங்களிடம் உண்டு. ஆகவே ஆளைக் கூப்பிட்டு, "தகப்பன்ரை பேர் என்ன, அவர் இங்கிலிஷிலை எப்பிடி எழுதிறவர்?" என்று கேட்காமல் ஒரு முதலெழுத்தும் போடக்கூடாது. நானே கலியாணத்துக்கு முன் கனகசபையின் மகளாக K, பின்னர் சிவபாதத்தின் மனைவியாக S. எழுத்து மாறினபோது எனக்கு ஆள் மாறினதுபோலத்தான் இருந்தது.

இவ்வளவும் எனக்கு வந்து, கடிதங்கள் எல்லாம் முகம் மேலே பார்த்துக் கிடக்கத் தொடங்கிய காலத்தில் டெல்சியா வந்தாள்.

சண்டை முடிந்து சனம் தீவுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேரம். டெல்சியா ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்துப் பிள்ளை. தகப்பன் கடற்றொழில். இடம்பெயர்ந்து மன்னாரில் கன்னியாஸ்திரிகளிடம் படித்து, வவுனியாவில் ஏதோ உதவி நிறுவனத்தில் வேலை செய்துவிட்டு வந்திருந்தாள். என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. ஆங்கிலம் கதைக்கிறபோது அவளுக்கு யோசனையே தேவைப்படவில்லை. நான் ஆங்கிலத்தை எழுதினேன். அவள் அதில் சிரித்தாள், பகிடி விட்டாள், வெளிநாட்டுக்காரர்களை ஏசவும் செய்தாள்.

முதல் கிழமை அவள் அடித்த கடிதம் ஒன்றைப் பார்த்தேன். ஒரு புள்ளி கிடையாது. Rev க்கும் இல்லை, Prof க்கும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்மை. இது குப்புறக் கிடக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டே என் வேலையைப் பார்த்தேன்.

கடிதம் திரும்பி வந்தது. முகம் மேலே. மூலையில் நீல எழுத்துகள். போதாததற்கு சேர் தன் கதிரையை விட்டு எழும்பி அவளுடைய மேசைக்கு வந்தார்.

"இப்ப உலகம் இப்பிடித்தான் எழுதுது போலை. வடிவாத்தான் இருக்கு. நாகபூசணி, நீரும் ஒருக்காப் பாரும்."

வடிவாத்தான் இருக்கு! நான் அந்தச் சொல்லை அவருடைய வாயிலிருந்து அன்றைக்குத்தான் முதல் முதல் கேட்டேன். பார்த்தேன். "ஓம் சேர், வடிவு" என்றேன். பின்னேரம் குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறி, வேலணையில் இறங்க மறந்து புங்குடுதீவு வரை போய்விட்டேன்.

அந்தக் காலத்தில் கிழமைதோறும் உதவி நிறுவனங்களோடு கூட்டம் நடக்கும். கிராமத்துச் சங்கத் தலைவர்கள், மீனவர்கள், விதவைகள் எல்லோரும் வருவார்கள். வெள்ளைக்காரரும் கொழும்புக்காரரும் ஆங்கிலத்தில் கதைப்பார்கள். நான் தமிழில் சொல்ல வேண்டும். ஒரு கூட்டத்தில் ஒருவர் எழும்பி, என்.எஃப்.ஐ. வந்திறங்கிவிட்டது, புதன்கிழமை கொடுக்கலாம் என்றார். என்.எஃப்.ஐ. என்னவென்று எனக்குத் தெரியவில்லை. விரிக்கத் தெரியாததை எப்படிச் சொல்வது? நான் வாயைத் திறந்தபடி நின்றேன். மண்டபம் முழுக்க என்னையே பார்த்தது.

பின்வரிசையில் இருந்து டெல்சியாவின் குரல் கேட்டது. "சட்டி, பானை, பாய், நுளம்பு வலை, கண்டியளோ. புதன்கிழமை தருவினம். வெத்திலை பாக்கு மட்டும் நீங்கள் கொண்டு வாங்கோ."

சனம் சிரித்தது, தலையாட்டியது, விளங்கிவிட்டது. பிறகு அகராதியில் தேடாமலே அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், உணவல்லாத பொருட்கள் என்பதன் சுருக்கமாம். 'உணவல்லாத பொருட்கள்' என்று நான் சொல்லியிருந்தாலும் அந்தச் சனத்துக்கு விளங்கியிராது. அவள் சுருக்கத்தை விரிக்கவில்லை. நேராகப் பானைக்குப் போய்விட்டாள். அடுத்த கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளரின் கதிரையில் அவள் இருந்தாள். நான் பக்கத்தில் குறிப்பெடுத்தேன்.

அதன் பிறகு கந்தோர் வாசலில் வந்து நிற்கிற ஆட்கள் என்னைப் பார்த்து, "டெல்சியா மிஸ் நிக்கிறாவோ?" என்று கேட்பார்கள். "வெளியிலை போட்டா. என்ன அலுவல்? என்னட்டைச் சொல்லுங்கோ" என்பேன். "பரவாயில்லை, பேந்து வாறம்" என்று வெயிலில் திரும்பிப் போவார்கள். அது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இனி நான் மறக்க முடியாத வழக்குக்கு வருகிறேன்.

ஒரு கரையோரக் கிராமத்துக்கு ஒரு நிறுவனம் வீடுகள் கட்டிக் கொடுக்க முன்வந்தது. பெயர்களை ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்தவள் நான். அந்தக் கிராமத்தில் A. Philomena என்று இரண்டு பேர். ஒருவரின் கணவர் அந்தோனிப்பிள்ளை, மற்றவரின் கணவர் அருளப்பு. முதலெழுத்துப் போட்டால் இரண்டும் ஒரே ஆள். ஆகவே எங்கள் நாட்டில் வெள்ளைக்காரர் காலத்திலிருந்து எழுதி வருகிறபடி Philomena W/o Arulappu என்று அடித்தேன். டபிள்யூ, ஒரு சாய்கோடு, ஓ. அருளப்புவின் மனைவி என்று அர்த்தம். சேர் பார்த்து நீல எழுத்துப் போட்டார்.

இந்தப் பிலோமினாவின் கணவர் அருளப்பு சண்டைக் காலத்தில் ஒருநாள் விடியக் கடலுக்குப் போனவர். வள்ளம் கரையொதுங்கியது, ஆள் வரவில்லை. என்ன நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. பிலோமினா ஒரு தகரக் கொட்டிலில் மாமியாரோடும் பள்ளிக்கூடம் போகிற மகளோடும் இருந்தார்.

கிராமத்துக் கோயில் மண்டபத்தில் கூட்டம். கொழும்பிலிருந்து வந்த இளம் அதிகாரி தமிழ் தெரியாதவர். முதல் கட்டமாக வீடு பெறுகிறவர்களின் பெயர்களை ஆங்கிலத்தில் வாசிக்க, டெல்சியா தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். "கணவன்மார் இல்லாத பெண்கள்" என்று தொடங்கி, மூன்றாவதோ நாலாவதோ பெயராகப் பிலோமினா என்றாள்.

பிலோமினா எழும்பினார்.

"ஆருக்கு இல்லை?"

அதிகாரி வாசிக்கிறதை நிற்பாட்டினார்.

"என்ரை மனிசன் கடலுக்குப் போனவர். இல்லையெண்டு ஆர் சொன்னது? நீ சொல்லுவியோ டெல்சி? உன்ரை கொப்பரோடை ஒண்டாத் தொழிலுக்குப் போனவரெல்லே. எனக்கு வீடு வேண்டாம். பேரை வெட்டச் சொல்லு."

டெல்சியாவின் முகம் செத்துப்போனது. அந்த வார்த்தை என் வாயிலிருந்து வராமல் அவளுடைய வாயிலிருந்து வந்ததில் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் அது கன நேரம் நிலைக்கவில்லை. அந்த அதிகாரி தாளைக் காட்டி, "இங்கே அப்படித்தானே போட்டிருக்கிறது" என்றார். அவருடைய விரல் W/o வில் நின்றது. அவர் படித்த இடத்தில் அந்தச் சுருக்கத்துக்கு without என்று அர்த்தமாம். அருளப்பு இல்லாத பிலோமினா.

"அது wife of!" என்று ஆங்கிலத்தில் கத்தினேன். கூட்டத்தில் நான் உரக்கக் கதைத்தது அது ஒன்றுதான்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. யோசித்துவிட்டு, மனைவி என்றால் கணவன் வந்து கூட ஒப்பமிட வேண்டும், அதுதான் நிறுவனத்தின் விதி என்றார். ஆக, 'இல்லாத' என்று வாசித்தால் பிலோமினா வீட்டை ஏற்கமாட்டார். 'மனைவி' என்று வாசித்தால் நிறுவனம் வீட்டைத் தராது. மாமியார் மண்டபத்தின் மூலையில் இருந்து ஒப்பாரி வைக்கத் தொடங்கினார்.

கந்தோருக்கு வந்ததும் சேர் கேட்டார்: "ஆர் அடிச்சது?"

"நான், சேர். காலங்காலமா அப்பிடித்தானே..."

"தெரியும். நான்தானே பாத்து விட்டனான்." பிறகு, "ரெண்டு பேரும் போய் அவவோடை கதைச்சுக்கொண்டு வாங்கோ" என்றார். ரெண்டு பேரும் என்று சொன்னாரே தவிர, பார்வை டெல்சியாவில்தான் இருந்தது.

டெல்சியாவின் ஸ்கூட்டரில் பின்னால் இருந்து போனேன். எனக்கு ஸ்கூட்டர் ஓடத் தெரியாது. கடற்காற்றில் அவளுடைய தலைமயிர் முழுக்க என் முகத்தில். போய்ச் சேர்ந்தபோது பிலோமினா வெயிலில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கொட்டிலுக்குள் இருந்து ஒரு பிளாஸ்ரிக் கதிரை வந்தது. டெல்சியா கேட்காமலே மணலில் பிலோமினாவுக்குப் பக்கத்தில் குந்தி, தானும் இரண்டு மீனைத் திருப்பிப் போட்டாள். நான் மட்டும் உயரத்தில் தனியாக, கோயில் திருவிழாவுக்கு வந்த விருந்தாளிபோல இருந்தேன்.

"அக்கா, அது வெறும் கடுதாசிதானே" என்றாள் டெல்சியா. "பிள்ளைக்காக ஓமெண்டு சொல்லுங்கோ. மழை வரப்போகுது. அவளின்ரை கொப்பியளைப் பாருங்கோ, நனையாமல் கூரையிலை கட்டித் தூக்கியிருக்கிறாள்."

பிலோமினா மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன்ரை அப்பா பின்னேரம் வீட்டை வாறார். உனக்கு இது வெறும் கடுதாசிதான்."

டெல்சியா இன்னொரு மீனைத் திருப்பிப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருக்கிறாள். பிலோமினா அழவில்லை. நானும் அழவில்லை. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. யாருக்காவது துக்கம் வந்தால் தேத்தண்ணி போடுவேன், அல்லது ஏதாவது வேலை பார்ப்பேன். அங்கே வேறு வேலை இல்லை. பையைத் திறந்து தாளும் பேனையும் எடுத்தேன்.

"அப்ப அருளப்பு அண்ணையைப் பற்றி நாங்கள் என்னெண்டு எழுதவேணும்? நீங்களே சொல்லுங்கோ. சொன்னபடி எழுதிறன்."

பிலோமினா முதல்தடவையாக என்னைப் பார்த்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"கடலுக்குப் போனவர். இன்னும் வரேல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதுக்கு மேலை ஒருத்தருக்கும் தெரியாது. அப்பிடியே எழுதுவியளோ?"

"எழுதுவன்."

மடியில் வைத்து ஆங்கிலத்தில் எழுதினேன். ஒரு சுருக்கமும் இல்லை, ஒரு சாய்கோடும் இல்லை. பிலோமினா, அருளப்புவின் மனைவி. அருளப்பு கடலுக்குப் போனார், did not return. எழுதினதை உரக்க வாசித்தேன். எனக்குத் திருப்தியாக இருந்தது. டெல்சியா அழுதுகொண்டிருக்க நான் முடித்துவிட்டேன் என்ற நினைப்பும் இருந்தது.

டெல்சியா சால்வை நுனியால் மூக்கைத் துடைத்தாள்.

"அக்கா, 'டிட் நொட்' எண்டால் முடிஞ்சு போச்சு. 'ஹாஸ் நொட்' எண்டு போடுங்கோ. இன்னும் எண்டு சொன்னவ எல்லே."

நான் பேனையைப் பிடித்தபடி இருந்தேன். has not returned. இன்னும் வரவில்லை, இனியும் வரலாம். அந்த இலக்கணத்தை நான் அயலட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். அது அந்த இடத்தில் எனக்கு வரவில்லை. கண்ணீரும் சளியுமாக மணலில் குந்தியிருந்தவளுக்கு வந்தது. அவளுடைய ஸ்கூட்டரிலும் சிரிப்பிலும், சேரின் 'வடிவு' என்ற சொல்லிலும் எனக்கு வந்த எரிச்சல் எல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு has க்கு வந்த எரிச்சலுக்குக் கிட்டவும் வராது. அது எனக்கு வந்திருக்க வேண்டிய சொல்.

வெட்டித் திருத்தினேன். டெல்சியா அதைத் தமிழில் பிலோமினாவுக்குச் சொன்னாள். பிலோமினா கேட்டுவிட்டு, "ஓம். இது சரி" என்றார்.

கந்தோரில் அதைச் சுத்தமாக அடித்துச் சேரிடம் கொண்டுபோனேன். நின்றபடி வாசித்தார்.

"ஆர் எழுதினது?"

"பிலோமினா சொன்னவ. 'ஹாஸ் நொட்' எண்டது டெல்சியா." அதைச் சொல்ல எனக்கு நாக்கு வளையவில்லை, ஆனாலும் சொன்னேன்.

"அடிச்சது?"

"நான்."

"ஒரு இடத்திலையும் சுருக்கேல்லை" என்றார். நீல எழுத்துப் போட்டார். பிறகு, கந்தோரை விட்டு வெளிக்கள வேலைக்கு ஒருநாளும் வராத மனிதர், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு எங்களோடு அந்த அதிகாரியைப் பார்க்க வந்தார். அருளப்பு திரும்பி வரும்வரை இருவருக்குமாக மனைவியே ஒப்பமிடட்டும், கணவனின் இடத்தை வெட்டாமல் வெறுமனே விடுங்கள் என்று பழைய காலத்து ஆங்கிலத்தில் ஆறுதலாகச் சொன்னார். டெல்சியா வேகமான ஆங்கிலத்தில் மிச்சத்தைச் சொன்னாள். அதிகாரி இரண்டு தடவை எங்கேயோ போன் எடுத்தார். பிறகு சரி என்றார். எழும்பி டெல்சியாவுக்குக் கை கொடுத்தார்.

"அக்காதான் எழுதினவ" என்றாள் டெல்சியா என்னைக் காட்டி. அவர் என் பக்கம் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் அவளோடு கதைத்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது இதை என் கணவர் சிவபாதத்துக்குச் சொன்னேன்.

"அந்தப் பிள்ளை உம்மைத்தானே சொன்னது. பேந்தென்ன?"

"அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்."

"சொல்லாமல் இருந்தால்?"

"வஞ்சகி எண்டு நினைச்சுக்கொண்டு நிம்மதியா இருந்திருப்பன்."

அவர் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி, நான் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

பிலோமினாவின் வீட்டுக்கு மழைக்கு முன்னரே கூரை போட்டாகிவிட்டது. சேர் அடுத்த வருடம் ஓய்வு பெற்றார். கடைசி நாள் தன்னுடைய தடித்த ஆங்கில அகராதியை டெல்சியாவுக்குக் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, "உமக்கு இது தேவைப்படாது" என்றார். அது புகழ்ச்சியா, கைகழுவலா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். டெல்சியா சோதனைகள் எழுதிப் பாஸாகி மேலே மேலே போனாள். இப்போது அவளுடைய பெயருக்குப் பின்னால், பெயரைவிட நீளமான எழுத்துவரிசை இருக்கிறது. புள்ளி இல்லாமல்தான் எழுதுகிறாள். நான் மொழிபெயர்ப்பாளராகவே இருந்து, மொழிபெயர்ப்பாளராகவே ஓய்வு பெற்றேன்.

போன மாதம் ஒருநாள் காலை படலையில் யாரோ கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் பிலோமினா. மயிர் நரைத்துவிட்டது. பஸ்ஸில் வந்து, விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். குசினிக்குள் கூட்டிப்போய்த் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். மகளுக்குக் கலியாணமாம். மாப்பிள்ளை பிரான்சில் வளர்ந்த, இந்தக் கரையை அடியாகக் கொண்ட பிள்ளை. கலியாணக் காட் ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் ஆங்கிலத்திலும் அடிக்க வேண்டும். இங்கிலிஷ் பக்கத்தை என்னை எழுதித் தரச் சொன்னார்.

என்னைத் தேடி வந்திருக்கிறார்! இத்தனை வருடத்துக்குப் பிறகு, டெல்சியா மிஸ் நிக்கிறாவோ என்று கேட்காமல், நேரே என்னிடம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். மாப்பிள்ளை பகுதி, பெண் பகுதி, கோயில், நேரம். தகப்பன் பெயருக்கு வந்ததும் பிலோமினா கையைக் காட்டி நிற்பாட்டினார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரர் கேக்கினம், தகப்பன்ரை பேருக்கு முன்னாலை என்ன போடுறது எண்டு. கோயில்லை என்ரை தம்பிதான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறான். அங்கத்தைய சனம் பாத்திட்டு, தகப்பன் எங்கை எண்டு கேக்குமாம்."

நான் பேனையைத் தாளின் மேல் வைத்தேன்.

"தமிழ்ப் பக்கத்திலை ஒண்டும் போட வேண்டாம், அக்கா. அது எங்கடை சனம் வாசிக்கிறது. இங்கிலிஷ் பக்கத்திலை மட்டும் போடுங்கோ. சுருக்கமா, சின்னதா ஏதும் இருந்தால்."

"சில பேர் Lt. எண்டு போடுவினம். அது பிழை. அது பட்டாளத்திலை இருக்கிற லெப்ரினனுக்குப் போடுறது."

"ஐயோ, அது வேண்டாம்."

"முழுசா Late எண்டு போடவேணும். அதைச் சுருக்க ஏலாது, பிலோமினா. நாலு எழுத்து."

"நாலே?" என்றார். கோப்பையில் இருந்த தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாலெண்டால் பரவாயில்லை. போடுங்கோ."

போட்டேன். அவர் எட்டிப் பார்த்து, "இதோ?" என்றார். "ஓம்" என்றேன். தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்து, பைக்கு மேலே கையையும் வைத்துக்கொண்டார்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு மனம் கேட்கவில்லை. "டெல்சியாதானே உங்களுக்குக் கிட்ட. அவவிட்டைப் போகேல்லையோ?"

"அவளிட்டைப் போனால் அவள் அழுதுபோடுவாள், அக்கா. பேந்து எனக்கு எழுத மனம் வராது. நீங்கள் அழமாட்டியள். அதுதான் உங்களிட்டை வந்தனான்."

பஸ் ஏற்றிவிட்டு வந்து நெடுநேரம் குசினியில் இருந்தேன். அவர் குடித்த கோப்பையைக் கழுவினேன். பிறகு டெல்சியாவுக்குப் போன் எடுத்தேன். அவள் இப்போது பெரிய அதிகாரி. ஏதோ கூட்டத்துக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள்.

"பிலோமினா வந்தவ" என்றேன். "கலியாணக் காட்டிலை அருளப்பு அண்ணைக்கு முன்னாலை Late போடச் சொன்னவ. போட்டுக் குடுத்திட்டன்."

மறுபக்கத்தில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு டெல்சியா அழுதாள். வாய்விட்டு, மூக்கை உறிஞ்சி, "அக்கா, அக்கா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நான் போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் வரும், இப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவளுக்கு மட்டும் எப்படி உடனே வருகிறது என்று, அதற்கும் எனக்கு அவளில் பொறாமையாக இருந்தது.